மோட்டார் ஹோம்: முன்னாடி இன்ஜினா, பின்னாடி இன்ஜினா? நாளைக்குள்ள சொல்லணும்

புதுசா_வந்தவன்: மக்களே, அவசரம். லீஸ் 30ஆம் தேதி முடியுது, வாடகைய 400 டாலர் ஏத்திட்டாங்க. பழைய மோட்டார் ஹோம், அதான் உள்ளேயே குடியிருக்கற வண்டி, ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். ரெண்டு பாத்திருக்கோம். ஒண்ணு பெட்ரோல், முன் இன்ஜின். இன்னொண்ணு டீசல், பின் இன்ஜின். டீசல்காரர் நாளைக்குள்ள 2,000 டாலர் அட்வான்ஸ் கேக்கறார். எதை எடுக்க?

ஹூஸ்டன்_மதுரைக்காரன்: கண்ண மூடிட்டு பின் இன்ஜின். டவுன் பஸ்ல பேனட்டு மேல உக்காந்து போனதுண்டா? முன் இன்ஜின்ல அதே கதைதான். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இன்ஜின் மூடி. மேட்டுல ஏறும்போது வலது முழங்கால் பக்கம் அனல், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கத்தித்தான் பேசணும். பின் இன்ஜின்னா சத்தம் 35 அடி பின்னாடி, ஏர் சஸ்பென்ஷன் வேற.

ஆஸ்டின்_அக்கா: தம்பி, வண்டி எதுக்கு? நாங்க வந்தப்ப கிரெடிட் ஸ்கோர் இல்லன்னு மூணு மாச வாடகைய முன்னாலேயே வாங்கிட்டாங்க. நாலு மாசம் தரையிலதான் படுத்தோம். பொறுத்துக்கிட்டோம்ல?

பட்டறை_பையன்: மதுரை அண்ணே, பாதிதான் சொல்றீங்க. நான் நாமக்கல் பட்டறையில வளந்தவன். பெட்ரோல் வண்டிக்கு அடிச்சட்டம் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ். அதுல 7.3 லிட்டர் வி8 இன்ஜினுக்கு டார்க், அதாவது இழுவை சக்தி, 468 பவுண்டு-அடி. பின் இன்ஜின் வண்டியில வர்ற கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசல்ல 800 வரைக்கும் வரும், மலையில தெரியும். ஆனா சர்வீஸ் பில்லும் தெரியும். ஆயில் ரெண்டு மடங்கு, ஏர் பிரேக், புது வண்டின்னா புகையைச் சுத்தம் பண்ண ஊத்தற டெஃப் திரவம் வேற. பல வண்டியில படுக்கையத் தூக்கினாத்தான் இன்ஜின் கைக்கு எட்டும். ரேடியேட்டர் கடைசியில இருந்தா டயர் கிளப்பற தூசியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஹூஸ்டன்_மதுரைக்காரன்: பில்லுக்குப் பயந்தா அமெரிக்காவுல மூச்சே விட முடியாது. இன்சூரன்ஸ் கட்டியும் ஒரு பல்லுக்கு எவ்வளவு புடுங்கினாங்க தெரியுமா?

ஆஸ்டின்_அக்கா: பல்லப் பத்திப் பேசாதீங்க, வயிறு எரியுது.

டாலஸ்_தாத்தா: போதும்ப்பா. பையனுக்கு நாள் இல்ல. தம்பி, எந்த மாநிலம், எத்தனை பேர், மாசம் எவ்வளவு தூரம் ஓட்டுவே? டெக்சஸ்னா 26,000 பவுண்டு தாண்டின வண்டிக்கு கிளாஸ் பி லைசன்ஸ் வேணும். பெரிய டீசல் வண்டிங்க பல அதைத் தாண்டும். டிரைவர் பக்க ஸ்டிக்கர்ல ஜிவிடபிள்யூஆர் எண்ணைப் படி, சுமையோட சேர்த்து வண்டிக்கு அனுமதிச்ச அதிகபட்ச எடை அது. டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 2317னா 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஏழு வருஷம் தாண்டியிருந்தா டயர் விலையக் கழிச்சுப் பேசு. நீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே இன்ஜின ஓட விட்டுச் சூடாக்கி வச்சிருந்தா, ஆறின இன்ஜின்ல தெரியற கோளாறை மறைக்கறாங்களோ என்னவோ, கிளம்பி வந்துடு.

புதுசா_வந்தவன்: டெக்சஸ்தான் ஐயா. நாங்க ரெண்டு பேர், மனைவிக்கு இது ஆறாவது மாசம். ஓட்டறதா இல்ல. ஆபீஸ் பக்கத்துல ஆர்வி பார்க்ல, அதான் இந்த மாதிரி வண்டிங்களை வாடகைக்கு நிறுத்தற இடத்துல, நிறுத்திக் குடியிருக்கத்தான்.

பட்டறை_பையன்: அடப்பாவி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?

டாலஸ்_தாத்தா: அப்ப ரெண்டு இன்ஜினும் வேணாம். இன்ஜினே இல்லாம, வேற வண்டி பின்னால கட்டி இழுக்கற வீடு, டிராவல் டிரைலர் எடு, விலையும் கம்மி. கொண்டுபோய் நிறுத்த பிக்கப் வண்டிக்காரர் கிடைப்பார். அதுக்கு முன்னாடி பார்க்குக்கு போன் போடு. பத்து வருஷத்துக்கு மேல பழசுன்னா பல இடத்துல உள்ள விட மாட்டாங்க. விசாவுல இருக்கறவங்க இடம் மாறினா 10 நாளுக்குள்ள குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11ங்கற முகவரி மாற்றப் படிவம் போடணும், மறந்துடாதே. அட்வான்ஸ் குடுக்கலையே?

புதுசா_வந்தவன்: 500 குடுத்துட்டேன் ஐயா.