'கடத்தி' வேண்டாம், 'சேர்ப்பி' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, கடலூரிலிருந்து வணக்கம்.

வைரஸின் துணையில்லாமல் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுமியத் (லிப்பிட்) துகளுக்கும் பலபடித் (பாலிமர்) துகளுக்கும் தமிழில் பொதுப்பெயர் தேடி மூன்று நாளாகப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் வெக்டர் என்பார்கள். பாடநூல் வழியிலேயே போய் 'கடத்தி' என்று வைத்துவிடலாம் என்கிறார் புதுச்சேரி அண்ணன். எனக்கு உடன்பாடில்லை. போன வாரம் வகுப்பில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, "கடத்தின்னா கரண்ட் போற கம்பி மாதிரியா சார், இல்ல கொசு மாதிரியா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். இயற்பியலில் கடத்தி என்றால் செம்புக் கம்பி. சுகாதாரப் பாடத்தில் நோய்க்கடத்தி கொசு. மூன்றாவது பொருளையும் அதன் தலையில் ஏற்ற வேண்டுமா?

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'காவி' நல்ல சொல். காவடியில் உள்ள அதே வேர். ஆனால் கணிதத்திலும் வெக்டர் உண்டு; நாம் திசையன் என்னும் அதற்கு இலங்கையில் 'காவி'யை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இங்கேயோ காவி என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும். 'ஏந்தி', 'சுமப்பி' இரண்டிலும் நான் காணும் குறை வேறு. சுமப்பதோடு அவை நின்றுவிடுகின்றன.

இந்தத் துகளுக்குச் சுமப்பது பெரிய வேலையே இல்லை. டி.என்.ஏ. இழை நெடுகிலும் பாஸ்பேட், அத்தனையும் எதிர்மின். நேர்மின் கொழுமியத்தைக் கலந்தால் தானே ஒட்டிச் சுருண்டுகொள்ளும். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபெல்க்னரின் குழு டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் அனுப்பப் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான். கஷ்டமெல்லாம் இறக்கி வைப்பதில். செல் அந்தத் துகளை ஒரு சவ்வுப் பைக்குள் விழுங்குகிறது. பையை விட்டு வெளியே வராவிட்டால் சரக்கு உள்ளேயே செரித்துப் போகும். குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. (மரபணுவின் செயலை அடக்கும் சிறு இழை) ஏற்றிய கொழுமியத் துகள்களில் அளந்து பார்த்தபோது, தப்பி வந்த சரக்கு நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அயனியாகும் கொழுமியம் வந்ததே இதற்காக. பி.எச். 7.4 உள்ள இரத்தத்தில் மின்னூட்டம் அநேகமாக இல்லாமல் சாதுவாக இருக்கும். பைக்குள் அமிலம் ஏற ஏற நேர்மின் பெற்றுச் சவ்வைக் குலைக்கும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தும், பின்னால் வந்த கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இதை நம்பித்தான் உடம்புக்குள் போகின்றன.

அதனால் நான் முன்வைக்கும் சொல் 'சேர்ப்பி'. கொண்டுபோய்ச் சேர்ப்பிப்பது. முதுநகரில் உப்பனாற்றுப் படகில் ஏறுகிறவர், "அக்கரையில சேத்துடுங்கண்ணே" என்பார். ஏறுவது, கடப்பது, இறங்குவது எல்லாம் அந்த ஒரு வினையில் அடங்கிவிடும். (நெய்தல் தலைவனைச் சங்கப் பாடல்கள் 'சேர்ப்பன்' என்கின்றன, சேர்ப்பு என்றால் கடற்கரை. நம் கரைக்குரிய சொல் என்பதால் எனக்குக் கூடுதல் ஆசை.)

சேர்மம், சேர்க்கை என்று வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். இது தனியாக வரப்போவதில்லை. கொழுமியச் சேர்ப்பி, பலபடிச் சேர்ப்பி, வைரஸ் சேர்ப்பி என்று முன்னொட்டோடுதான் வரும். இன்னொரு லாபமும் உண்டு: 'வைரஸ் அல்லாத' என்று இல்லாத ஒன்றைச் சொல்லி அறிமுகம் செய்யும் வழக்கம் போகும். முதலிரண்டையும் சேர்த்துக் குறிக்க 'செயற்கைச் சேர்ப்பி' போதும்.

பலபடிகளில் பாலிஎத்திலீனிமீன் 1995 முதல் புழக்கத்தில் உள்ளது. இறுகப் பிணைக்கும், செல்லையும் வதைக்கும். கைட்டோசான் அவ்வளவு கடுமையில்லை. நம் மீன்பிடித் துறைமுகத்தில் குவியும் இறால் ஓட்டில் உள்ள கைட்டினைக் காரத்தில் கொதிக்கவைத்து எடுப்பதுதான் அது. அடுத்த வகுப்புக்கு ஒரு கைப்பிடி ஓட்டைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போனேன். மெல்லியதாக, கண்ணாடித் தாள் போல இருந்தது. "இதிலிருந்து ஒரு சேர்ப்பி செய்யலாம்" என்றேன். சேர்ப்பி என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எதைச் சேர்க்கும், எங்கே சேர்க்கும் என்றுதான் கேட்டார்கள்.

இனி லிப்போபிளெக்ஸ், பாலிபிளெக்ஸ்: மரபணு முன்னதில் கொழுமியத்தோடும் பின்னதில் பலபடியோடும் பிணைந்திருக்கும். 1997-இல் ஆய்வாளர்கள் பலர் கூடி இசைந்து வைத்த பெயர்கள் இவை. நாமும் அப்படியே செய்யலாம். சேர்ப்பியும் மரபணுவும் பிணைந்த கூட்டுக்குக் 'கொழுப்பிணை', 'பலபடிப்பிணை' என்று எழுதி வைத்திருக்கிறேன். முன்னதைக் கொழு, பிணை என்று பிரித்தாலும் கொழுப்பு, இணை என்று பிரித்தாலும் பொருள் கெடாது. பின்னது நாக்கில் இடறுகிறது. யாராவது சுருக்கமாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். 'சேர்ப்பி'யை மட்டும் விட எனக்கு மனமில்லை. மறுப்பு இருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குள் எழுதுங்கள்.