ஏரிக்கரைப் பாதையை 4 மாதம் மூட வேண்டுமா?

காலைநடை:
இயற்கைக் காப்பகத்து ஏரிக்கரைப் பாதையைக் கோடையில் 4 மாதம் மூடப்போகிறார்களாம். நாய்க்கு ஆண்டு முழுக்கத் தடை. தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் போகக்கூடிய ஒரே பாதை அதுதான், மற்றதெல்லாம் மேடு பள்ளம். இருபது வருஷமாக நடக்கிறேன், ஒரு முட்டையையும் மிதித்ததில்லை.

கூழாங்கல்:
மிதித்ததில்லை என்று எப்படித் தெரியும்? அங்கே முட்டையிடும் ஆட்காட்டிக் குருவி கூடென்று ஒன்றும் கட்டாது. கல்லுக்கு நடுவே சின்னக் குழி, அதில் 4 முட்டை, நிறமும் புள்ளியும் கல்லைப் போலவே. போன வருஷம் படமெடுக்கப் போனபோது என் காலுக்கு ஒன்றரை அடியில் முட்டை இருந்தது, நான் பார்க்கவில்லை. பறவை சிறகொடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடித்த பிறகுதான் சுதாரித்தேன்.

மிதிப்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. ஆள் வரும்போதெல்லாம் அது எழுந்துவிடும். உச்சிவெயிலில் முட்டைக்கு நிழல் அந்தப் பறவைதான். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து உட்கார்ந்து குளிர்விக்கும். நாம் நின்று வேடிக்கை பார்க்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது. காகம் வேறு பார்த்துக்கொண்டிருக்கும்.

காலைநடை:
சரி, மூடினால் ஜனங்கள் வராமல் இருந்துவிடுவார்களா? வேலியைச் சுற்றி ஒற்றையடிப் பாதை போடுவார்கள். அப்புறம், ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் கட்டட இடிபாடு கொட்டியதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது யார்? நடக்க வந்தவர்கள்தான். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துக்காக யார் வாய் திறப்பார்கள்?

நாலுகால்:
என் நாய் கயிற்றில்தான் வருகிறது. முதலில் பூனைகளைப் பிடியுங்கள்.

கூழாங்கல்:
கயிற்றில் கட்டிய நாயை வைத்தே சிட்னிக்கு அருகே காடுகளில் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். நாய் நடந்த பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. நாய்கள் தினமும் வரும் இடத்திலும் அதே கதைதான், பறவைகள் பழகிக்கொள்ளவில்லை. மனிதர் மட்டும் நடந்தபோது பாதிப்பு பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. பூனைக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

காலைநடை:
பாதிக்கும் குறைவு! நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாயை நிறுத்துங்கள், எங்களை ஏன் நிறுத்துகிறீர்கள்?

மண்வெட்டி:
ஞாயிறுதோறும் அங்கே பாதை சீரமைக்கப் போகிறவன் நான். பாதையையே நகர்த்தலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே! செடி மிதிபடுவதில் பெரும் சேதம் முதல் கொஞ்ச நடையிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவு. ஆகவே கூட்டத்தைப் பரவ விடக்கூடாது, ஒரே தடத்தில் அடக்க வேண்டும். மாற்றுப் பாதை கொடுக்காமல் மூடினால் குறுக்குப் பாதை கட்டாயம் வரும். மூன்றை நானே முள் போட்டு அடைத்தேன், ஒரே வாரத்தில் முள் ஓரமாகக் கிடந்தது.

பறவை முட்டையிடும் கல் திட்டு இருப்பது வடகரையில் 200 மீட்டர் நீளத்துக்குத்தான். அங்கே மட்டும் பாதையைப் புதருக்குப் பின்னால் வளைத்துவிட்டு, எட்டிப் பார்க்க ஒரு மூங்கில் தட்டி வைத்தால் போதும்.

கூழாங்கல்:
தாய்லாந்தில் ஒரு தீவிலுள்ள சுற்றுலா இடமான மாயா விரிகுடாவுக்கு ஒரு நாளில் 5000 பேர் வரை வந்தார்கள். 2018 ஜூனில் முழுசாக மூடிய பிறகுதான் சுறாக்கள் திரும்பின. தட்டி வைத்தல்ல.

காலைநடை:
அதே இடத்தை 2022 ஜனவரியில் திறந்தும் விட்டார்களே. படகை உள்ளே விடாமல் தீவின் பின்பக்கம் நிறுத்தி நடக்க வைத்தார்கள். மண்வெட்டி சொல்வதும் அதுதான், வழியை மாற்று.

கூழாங்கல்:
மூடிவிட்டுத்தான் வழியை மாற்றினார்கள். வளைவுப் பாதை தயாராகும்வரை மூடட்டும், பிறகு திறக்கட்டும். சக்கர நாற்காலி போகுமளவு மட்டமாகப் போட முடியுமா?

மண்வெட்டி:
முடியும். ஆள் வந்தால் ஆறு ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரை, கூடை எல்லாம் இருக்கிறது, பிடிக்கக் கைதான் இல்லை.

காலைநடை:
என்னால் குனிய முடியாது, அளக்கக் கயிறு பிடிக்க வருகிறேன். ஆனால் 4 மாத மூடலுக்கு எதிராகக் கொடுத்த மனுவை வாபஸ் வாங்கவில்லை, சொல்லிவிட்டேன்.