குயின்ஸ்லாந்து நேட்டிவ் போலீஸ் முகாம்கள்: தணிக்கைக்குப் போன அதிகாரிகள் எதைப் பார்த்தார்கள்?

தாமிரபரணி (கேள்வி):

வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய நேட்டிவ் போலீஸ் படையைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். வெள்ளை அதிகாரி ஒருவரும், வேறு மாவட்டங்களிலிருந்து சேர்க்கப்பட்ட தொல்குடிப் படைவீரர் சிலரும் ஒரு முகாமில் தங்கிச் சுற்றுவட்டாரத்தில் ரோந்து சென்றார்கள் என்பதும், அந்த ரோந்துகளில் தொல்குடி மக்கள் பெருந்தொகையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதும் தெளிவாகவே தெரிகின்றன. எனக்கு விளங்காதது ஒன்றுதான். இந்த முகாம்களுக்கு மேலதிகாரிகள் தணிக்கைக்கு வந்தார்கள், பதிவேடுகளைப் புரட்டினார்கள், தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். அப்படியிருந்தும் இது அரை நூற்றாண்டுக் காலம் எப்படி நீடித்தது? தணிக்கை பெயரளவுக்கு நடந்ததா, அல்லது ஒழுங்காக நடந்தும் கொலைகளைக் கண்டுபிடிக்க முடியாதபடி அமைந்திருந்ததா?

மலைச்சாரல் (பதில்):

இரண்டாவதாக நீங்கள் சொன்னதே உண்மைக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். இந்தப் படை 1848இல் ஃபிரெடரிக் வாக்கர் என்பவரின் தலைமையில், நியூ சவுத் வேல்ஸ் அரசால் தொடங்கப்பட்டது. 1859இல் குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்ற நாடானபோது படையும் அதன் பொறுப்பில் வந்தது. 1864இல் டேவிட் சீமோர் போலீஸ் ஆணையரானார். 1895 வரை அப்பதவியில் அவரே இருந்தார். ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை பிரிஸ்பேனில் அமர்ந்தபடி ஆணையர் ஒருவர் மேற்பார்வையிட வேண்டியிருந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வடக்கே குக்டவுன் வரை கடலோரக் கப்பலில் போய்விடலாம். அதற்கப்பால் குதிரைதான். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே, மாவட்ட இன்ஸ்பெக்டர் போய்ச் சேரக்கூடிய காலம் எது என்பதை முகாமில் இருப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பார்கள்.

போய்ச் சேர்ந்தவர் எதை எண்ணினார் என்பதுதான் முக்கியம். குதிரைகள் எத்தனை, அவற்றில் முதுகுப்புண் உள்ளவை எத்தனை, சேணங்களும் லாடங்களும் சரியாக உள்ளனவா, துப்பாக்கிகள் துடைத்து வைக்கப்பட்டுள்ளனவா, தோட்டாக்களின் இருப்பு கணக்கோடு ஒத்துப்போகிறதா, மாவும் சர்க்கரையும் புகையிலையும் எவ்வளவு மிஞ்சியுள்ளன, சீருடை கிழிந்திருக்கிறதா என்பவையே அவருடைய கவனத்துக்குரியவை. இவையெல்லாம் அரசாங்கத்தின் சொத்துகள் என்பதால் அவற்றுக்குக் கணக்கு வேண்டியிருந்தது. தோட்டா குறைந்திருந்தால் அது எங்கே செலவானது என்ற கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் அதற்கு விடை சொல்பவர் அந்த முகாமின் அதிகாரியே. பெருங்கூட்டமாகக் கூடும் தொல்குடியினரைக் கலைப்பது அதிகாரியின் கடமை என்று 1866ஆம் ஆண்டின் விதிமுறைகளே கூறியதால், இன்ன இடத்தில் ஒரு கூட்டத்தைக் கலைத்தோம் என்று ஒரு வரி எழுதினாலே கணக்கு நேராகிவிடும். கலைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள் என்று கேட்க அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

மேலதிகாரிகள் கண்டிப்பே இல்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. படையைத் தொடங்கிய வாக்கரே 1854இல் பதவி இழந்தார். அவர்மீதான விசாரணைக்குக் குடிபோதையிலேயே வந்து நின்றார். அவருடைய கணக்குகளிலும் குழப்பம் இருந்தது. குடியும் பணமும் தணிக்கையின் கண்ணில் பட்டன. வாக்கரின் காலத்திலேயே நடந்த கொலைகள் அவருடைய பதவியைப் பறிக்கவில்லை.

பழைய காக்கி (பதில்):

காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நிலையத்துக்குத் தணிக்கைக்கு வரும் மேலதிகாரி பதிவேடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த நிலையம் தன்னைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறதோ அதை மட்டுமே தெரிந்துகொண்டு போகிறார். ஊருக்குள் இரண்டு பேரிடம் விசாரித்தால்தான் மறுபக்கம் தெரியும். குயின்ஸ்லாந்தில் இந்த இரண்டாவது வழி சட்டப்படியே அடைபட்டிருந்தது. தொல்குடியினர் கிறித்தவ முறைப்படி சத்தியப்பிரமாணம் செய்ய இயலாதவர்கள் என்று கருதப்பட்டதால், 1876இல் சட்டம் திருத்தப்படும் வரை நீதிமன்றம் அவர்களுடைய சாட்சியத்தை ஏற்கவில்லை. திருத்தத்துக்குப் பிறகும் அவர்களைத் தேடிச் சென்று வாக்குமூலம் வாங்க யாரும் முனையவில்லை.

இதே காலத்துச் சென்னை மாகாணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் ரயத்துகள் (குடியானவர்கள்) சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற புகாரை ஆராய நியமிக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. பாதிக்கப்பட்டவர்களே நேரில் வந்தும் மனு எழுதியும் முறையிட்டார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள் வந்து குவிந்தன. வருவாய்த்துறையிலிருந்து காவலைப் பிரித்த 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்துக்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். அந்தச் சட்டத்தோடு காவல்நிலைய அத்துமீறல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் அது இன்றுவரை தீராத நோய். ஆயினும் அடிபட்டவனின் சொல் அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறியது. குயின்ஸ்லாந்தில் 1861இல் சட்டமன்றத் தெரிவுக்குழு ஒன்று நேட்டிவ் போலீஸை விசாரித்தபோது, முதன்மையாகப் பேசியவர்கள் பண்ணையாளர்களும் அதிகாரிகளும்தான்.

டொராண்டோ வாசகர் (பதில்):

கனடாவின் வடமேற்கு மவுண்டட் போலீஸ் படையும் இதே சிக்கலைச் சந்தித்தது. 1873இல் உருவான அந்தப் படை 1874இல் மேற்கே சென்று ஃபோர்ட் மெக்லியோடு கோட்டையைக் கட்டியது. சம்பளப் பணமும் உணவுப் பொருளும் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வர வேண்டிய அளவுக்கு அது தலைநகரிலிருந்து தூரமாக இருந்தது. ஆனால் 1875இல் அதைப் பார்வையிட அனுப்பப்பட்டவர் கனடிய மிலிஷியாவின் (குடிமக்கள் படையின்) தளபதி செல்பி ஸ்மித். அதாவது படைக்கு வெளியே இருந்தவர். பிற்காலத்தில் ரோந்து செல்லும் காவலர், வழியிலுள்ள குடியேறிகளிடம் ஒரு தாளில் கையொப்பம் வாங்கி வர வேண்டும் என்ற முறையும் வந்தது. குறை ஏதேனும் இருந்தால் குடியேறி அதிலேயே எழுதலாம். காவலர் உண்மையில் வந்து போனாரா என்பதைக் காவலர் அல்லாத ஒருவர் உறுதிசெய்யும் ஏற்பாடு அது. அந்தத் தாளிலும் குடியேறியின் குறைக்கு இடம் இருந்ததே தவிர, பக்கத்தில் பட்டினி கிடந்த கிரீ என்னும் தொல்குடி மக்களின் குறைக்கு இடம் இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

தாமிரபரணி:

மூவருக்கும் நன்றி. பழைய காக்கி ஐயா சொன்ன 1861 விசாரணையைத் தேடிப் படிக்கிறேன். அப்படியானால் தணிக்கை மூலமாக ஒரு கொலைகூட வெளிவரவில்லையா? வெளிவந்தவை எப்படி வந்தன?

மலைச்சாரல்:

நான் படித்த வரையில், வெளிவந்தவை பெரும்பாலும் வேறு யாரோ கண்ணால் பார்த்ததால் வந்தவை. 1884இல் சுரங்க ஊரான இர்வின்பேங்க் அருகில், பெண்களும் ஒரு குழந்தையும் உள்ளிட்ட சிலரை சப் இன்ஸ்பெக்டர் நிக்கல்ஸின் பிரிவினர் கொன்றார்கள். ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் நடந்ததால் ஊர்மக்கள் எரிந்த உடல்களைக் கண்டார்கள், விவகாரம் பத்திரிகைகளுக்குப் போனது, நிக்கல்ஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1876இல் ஒரு தொல்குடி இளைஞரைச் சாட்டையால் அடித்துச் சாகடித்ததாக ஃபிரெடரிக் வீலர் என்ற அதிகாரிமீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் பிணையில் வெளியே வந்து நாட்டைவிட்டே ஓடிவிட்டார். அவரைப் பற்றி 1861ஆம் ஆண்டின் குழுவுக்கு முன்னரே குற்றச்சாட்டு வந்திருந்தது என்பதையும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவர் பதவியில் நீடித்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக நேரடியான ஆவணம் 1897ஆம் ஆண்டின் அறிக்கை என்று கருதுகிறேன். சீமோருக்குப் பின் ஆணையரான பாரி ஓக்டன், கேப் யார்க் தீபகற்பத்துக்குத் தாமே சென்று முகாம்களைப் பார்வையிட்டு அதை எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் தொல்குடியினரின் நிலையை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் மெஸ்டன், படையைக் கலைத்துவிட வேண்டும் என்றார். பாரி ஓக்டனோ சீர்திருத்தித் தொடரலாம் என்றார். இருவரும் ஒரே நிலப்பகுதியைப் பற்றித்தான் எழுதினார்கள். துறையின் தலைவராகப் போனவருக்குத் தன் துறை இல்லாத ஒரு தீர்வு தோன்றவில்லை என்பதே என் வாசிப்பு.

முகாம்களின் தினக்குறிப்புகளிலும் மாதாந்தர அறிக்கைகளிலும் பெரும்பகுதி இன்று இல்லை. எனவே மரண விசாரணைக் கோப்புகளையும் அக்காலச் செய்தித்தாள்களையும் எஞ்சியவற்றோடு இணைத்தே படிக்க வேண்டும். செய்தித்தாள்களை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் சில முகாம்களை அகழ்ந்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். லாரா ஆற்றங்கரையில் 1875 முதல் சுமார் இருபது ஆண்டுகள் இயங்கிய முகாமில் ஸ்னைடர் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகளும், சீருடைப் பொத்தான்களும், படைவீரர்கள் புட்டிக் கண்ணாடியைச் செதுக்கிச் செய்த கூரிய கருவிகளும் கிடைத்துள்ளன. எந்த இருப்புக் கணக்கிலும் ஏறாத அந்தக் கண்ணாடிக் கருவிகளைப் பற்றிய அகழாய்வுக் கட்டுரைகளையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படைவீரர்களின் அன்றாட வாழ்வை அறிய அவற்றைவிட நெருக்கமான சான்றை நான் கண்டதில்லை.