மறுமொழி: ஹிடன் மெக்கானிக் – "கரந்துறை விதி" சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கணினி விளையாட்டில் ஆடுபவருக்குக் காட்டாமல் உள்ளே வேலை செய்யும் "ஹிடன் மெக்கானிக்"குக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில். "மறைக்கப்பட்ட இயக்கவியல்" வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது. இயக்கவியல் என்றதும் விசையும் உந்தமும்தான் நினைவுக்கு வரும். விளையாட்டில் மெக்கானிக் என்பது "இதைச் செய்தால் இது நடக்கும்" என்று நிரலில் எழுதி வைத்திருப்பது, அவ்வளவுதான். அதற்கு விதி என்ற சொல் போதும். "மறைவிதி" சுருக்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்கு வேதம் என்றும் பொருள், விதிக்குத் தலையெழுத்து என்றும் பொருள், இரண்டும் பக்கத்தில் நின்றால் சாத்திரச் சொல்லாகவே படுகிறது.

> "அறியாப் பொருள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே?

முடியாது என்பேன், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. 1980இல் வந்த ரோக் விளையாட்டில் மருந்துக் குப்பியை எடுத்தால் நிறம் மட்டும்தான் தெரியும். எந்த நிறம் எந்த மருந்து என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். குடித்துப் பார்த்தால்தான் உண்டு. ஆனால் "இது உனக்குத் தெரியாத குப்பி" என்பதை விளையாட்டே நேராகச் சொல்லிவிடுகிறது. இதற்கு "அறியாப் பொருள்" கச்சிதமான சொல், அப்படியே வைத்துக்கொள்வோம்.

நெட்ஹாக் என்ற விளையாட்டின் அதிர்ஷ்டக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. வலிமை, அறிவு எல்லாம் திரையின் அடியில் எண்ணாக நிற்கும், அதிர்ஷ்டம் மட்டும் நிற்காது. ஆனால் அடி குறி தவறாமல் விழுவதில் அதற்குப் பங்கு உண்டு, அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் கடவுளிடம் செய்யும் வேண்டுதல் பலிக்கவே பலிக்காது. கையிலிருக்கும் கண்ணாடியால் எதிரியை அடித்து அது உடைந்தால், இது நல்லதற்கில்லை என்கிற மாதிரி ஒரு வரி வரும், அவ்வளவுதான். உள்ளே 2 குறைந்ததோ, 600 ஆட்டமுறைக்கு (turn) ஒரு தரம் அந்த எண் ஒன்று ஒன்றாகப் பூஜ்யத்தை நோக்கி நகர்வதோ திரைக்கு வராது.

அப்புறம் அதே நெட்ஹாக்கில் கிடைக்கும் சாம்பல் நிறக் கல். அதிர்ஷ்டக் கல்லாக இருந்தால் பையில் சும்மா கிடந்தாலே போதும், கணக்கு மாறிவிடும். சுமைக்கல்லாக இருந்தால் தாங்க முடியாத எடை, பெரும்பாலும் சபிக்கப்பட்டே இருக்கும், கீழே போடவும் முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எடுப்பதற்கு முன் உதைத்துப் பார்ப்பார்கள்; நகராவிட்டால் தொடமாட்டார்கள். இந்த ஒரு கல்லிலேயே நம் இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது: எந்தக் கல் என்று தெரியாதவரை அது அறியாப் பொருள், எதுவென்று தெரிந்த பிறகும் கண்ணுக்குப் படாமல் அது செய்துகொண்டே இருப்பது வேறு.

அந்த "வேறு"க்குத்தான் "கரந்துறை" என்கிறேன். கரத்தல் என்றால் ஒளித்தல். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பதைக் கரந்துறை பாட்டு என்று நம் சித்திரகவிக்காரர்கள் சொன்னார்கள். மேலே ஒன்று ஓடுகிறது, அடியில் இன்னொன்று உறைகிறது, வைத்தவருக்குத் தெரியும், தேடுகிறவருக்குக் கிடைக்கும். இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

> உள்ளுறை வெப்பம் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறதே, "உள்ளுறை விதி" ஆகாதா?

நல்ல சொல், ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. ஆனால் உள்ளுறை வெப்பத்தை (latent heat) யாரும் ஒளித்து வைக்கவில்லை, அது பொருளின் இயல்பு. 1985இல் வந்த அல்டிமா 4 விளையாட்டில் கண் தெரியாத ஒரு பெண் மூலிகை விற்பாள். எத்தனை காசு தருகிறோம் என்பதை நாமே சொல்லி எண்ணிப் போட வேண்டும். குறைத்துப் போட்டாலும் அவள் சரி என்று வாங்கிக்கொள்வாள். எந்த எச்சரிக்கையும் வராது, உள்ளே மட்டும் நேர்மைக் கணக்கு இறங்கிவிடும். பிறகு கோட்டையில் இருக்கும் ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நாம் எங்கே நிற்கிறோம் என்பது கொஞ்சம் தெரியவரும். அந்தக் கணக்கைத் திரையில் காட்டியிருந்தால் அவளிடம் நேர்மையாக இருப்பதற்கு என்ன அர்த்தம்? வேண்டுமென்றே ஒளித்திருக்கிறார்கள். அந்த வேண்டுமென்றே என்பது கரத்தலில் இருக்கிறது, உள்ளுறையில் இல்லை.

ஆக கரந்துறை விதி, கரந்துறை விளைவு, கரந்துறை எண். கூடவே இன்னொன்றும் தேவைப்படும். 1987இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டில் அறிவு என்று ஓர் எண் காட்டும். நிரல் பிழையால் அது மந்திரத்தின் வலிமையைத் துளியும் மாற்றாது. காட்டுகிறது, வேலை செய்வதில்லை. நமக்கு நேர் எதிர்ப்பக்கம். இதற்கு "வெற்றெண்" என்று வைக்கலாமா? வெற்றிடம் மாதிரி.

சொல் நீளம் என்று சிலர் சொல்வீர்கள். "கரவிதி" என்று சுருக்கிப் பார்த்தேன், பாட்டின் நினைவு போய்விடுகிறது, அதனால் விட்டுவிட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக வெற்றெண் கணிதத்தில் வேறு எதற்காவது ஏற்கெனவே புழங்குகிறதா என்று கணிதம் சொல்லித் தருபவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.