மொட்டைமாடி வீட்டின் அறை அமைப்பு: தமிழகத்து வரைபடம் திரியோலேயில் பொருந்துமா?

திரியோலே ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸ் தீவின் திரியோலேயில் எங்களுக்கு 10 பெர்ஷ் நிலம் இருக்கிறது. சதுர மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 422. சாலை மேற்குப் பக்கம். சாலையோரமாக 16 மீட்டர் அகலமும், கிழக்கு நோக்கி 26 மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் உள்ள மனை அது. கணவர், நான், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் அவதிப்படும் என் மாமியார் ஆகிய ஐவரும் வசிக்க இப்போது தரைத்தளம் மட்டும் கட்டிக்கொண்டு, மகனுக்குத் திருமணமாகும் காலத்தில் மேலே இன்னொரு வீடு எழுப்பலாம் என்று நினைத்திருக்கிறோம். ஆகவே ஓடோ தகரமோ இல்லாமல் தட்டையான கான்கிரீட் தளம்தான் வேண்டும்.

கணவரின் நண்பர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து மேற்குப் பார்த்த மனைக்கான ஒரு வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். அதில் சமையலறை தென்கிழக்கிலும், பூஜையறை வடகிழக்கிலும், பெரிய படுக்கையறை தென்மேற்கிலும், மாமியாருக்கான அறை வடமேற்கிலும் உள்ளன. முகப்பில் அகலமான கண்ணாடிக் கதவும், கூடத்துக்குள்ளேயே மாடிப்படியும் காட்டப்பட்டிருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. இருந்தாலும், அங்கே வரைந்ததை அப்படியே இங்கே கட்டலாமா, எதையாவது மாற்ற வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரைவாளர், ரோஸ் ஹில்:

வணக்கம் அம்மா. வீட்டு வரைபடம் போடுவதே என் தொழில் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மனை கிழக்கு மேற்காக நீண்டிருப்பதால் வீட்டின் நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். வெயிலைக் கட்டுப்படுத்த இதைவிட வசதியான அமைப்பு இல்லை. இரு பக்கமும் போதிய இடம் விட்டு, 11 மீட்டர் அகலமும் 14 மீட்டர் நீளமுமாகக் கட்டினால் 154 சதுர மீட்டர் கிடைக்கும். ஐவருக்கு அது தாராளம்.

இனி அந்த வரைபடத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. நாம் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறோம். தமிழகத்தில் கோடை உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. அதனால் அங்கே வடமேற்கு மூலை காய்கிறது, தென்மேற்கு மூலை ஓரளவு தப்பிக்கிறது. நமக்கோ கோடை டிசம்பர், ஜனவரியில் வருகிறது. அப்போது சூரியன் மேற்குக்கு 25 பாகை தெற்கே தள்ளி, மாலை ஆறே முக்கால் மணிவாக்கில்தான் மறைகிறது. அந்த வரைபடத்தை அப்படியே கட்டினால், நீங்களும் கணவரும் உறங்க வேண்டிய தென்மேற்கு அறையின் சுவர் மாலை முழுவதும் சூடேறி, ஹாலோ பிளாக் சுவரானாலும் நள்ளிரவு வரை அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். கோயம்புத்தூரில் அந்த அறை அங்கே இருப்பதில் தவறில்லை. திரியோலேயில் அந்த மூலையை வெயில் தாங்கும் வேலைக்கு விட்டுவிட வேண்டும்.

என் யோசனை இது. தென்மேற்கு மூலையில் மாடிப்படியை வையுங்கள். படிக்கட்டுக் கூண்டு சூடானால் யாருக்கும் நட்டமில்லை; சாலையிலிருந்து நேரே ஏறலாம் என்பதால் நாளைக்கு மகன் குடும்பத்துக்கும் தனிவழி கிடைக்கும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று கொண்டால் 18 படிகள், ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். நடுவில் ஒரு திருப்பம் வைத்தால் 2.2 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் போதும். படி தெற்கிலோ மேற்கிலோ தென்மேற்கிலோ இருப்பதை வாஸ்து பார்ப்பவர்களும் ஏற்கிறார்கள், ஆகவே வீட்டில் யாருக்கும் மனக்குறை இருக்காது.

அடுத்தது காற்று. நம் தீவில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்துதான் காற்று வருகிறது. மே முதல் அக்டோபர் வரை அது இன்னும் வலுவாக இருக்கும். சமையலறையைத் தென்கிழக்கில் வைத்தால் அந்தக் காற்று கருவாட்டு வாசனையை வீட்டின் குறுக்கே கூடம் வரை கொண்டுபோய் வடமேற்கு வழியாக வெளியேற்றும். அக்னி மூலை என்ற மரபை நான் பழிக்கவில்லை. ஆனால் அதே மரபு வடமேற்கையும் அடுப்புக்கு ஏற்ற இரண்டாவது இடமாகச் சொல்கிறது. அங்கே வைத்தால் காற்றுக்கும் பொருந்தும், சாஸ்திரத்துக்கும் பொருந்தும். மேற்கு வெயில் நேரே படாமல் இருக்க அதன் முன்னால் வண்டி நிறுத்துமிடத்தைப் போடுங்கள். கடையிலிருந்து வாங்கி வரும் அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் வண்டியிலிருந்து நேரே உள்ளே வைத்துவிடலாம்.

இப்படிச் செய்தால் தென்கிழக்கு மூலை காலியாகும். வீட்டிலேயே குளுமையான, காற்றோட்டமான அந்த இடத்தை உங்கள் மாமியாருக்குக் கொடுங்கள். குளியலறையை ஒட்டினாற்போல் வையுங்கள். மற்றப் படுக்கையறைகள் தெற்குச் சுவரை ஒட்டியும் கிழக்குப் பக்கமும் வரட்டும், பூஜையறை வடகிழக்கிலேயே இருக்கட்டும், கூடமும் சாப்பாட்டு இடமும் நடுவிலிருந்து வடக்கே திறக்கட்டும்.

வடக்கு ஜன்னல்களுக்குமேல் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு போதும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகல் சூரியன் 70 பாகை உயரத்தில் நிற்பதால் அதன் நிழல் சுவரில் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் இறங்கி ஜன்னல் முழுவதையும் மூடும். ஜூன் மாதத்தில் சூரியன் 46 பாகைக்குத் தாழ்ந்துவிடுவதால் நிழல் 62 சென்டிமீட்டரோடு நின்று, குளிர்காலத்து இளவெயில் கூடத்துக்குள் வரும். இந்தக் கணக்கு வடக்குச் சுவருக்கு மட்டுமே செல்லும். மேற்கில் சூரியன் கண்ணுக்கு நேராக வருவதால் சன்ஷேடை மட்டும் நீட்டிப் பயனில்லை. அங்கே ஆழமான வராங் (முன் தாழ்வாரம்) வேண்டும், கண்ணாடியைக் குறைக்க வேண்டும். முகப்பில் அந்த அகலக் கண்ணாடிக் கதவு வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அதை வடக்குப் பக்கம் திருப்பி வையுங்கள்.

குட்லண்ட்ஸ் இல்லத்தரசி:

வரைவாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடம் போடுபவர்கள் அன்றாடச் சமையலை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. தைப்பூசக் காவடிக்கோ கல்யாணத்துக்கோ ஏழு கறி சமைக்க வேண்டுமென்றால் அந்த அண்டாக்கள் எந்த நவீன சமையலறையிலும் ஏறாது. பின்புறம், வீட்டுக்கு வெளியே, வடகிழக்குப் பக்கமாக ஒரு கூரையிட்ட வேலைப்பகுதி கட்டாயம் வேண்டும்: தரையில் வைக்கும் பெரிய காஸ் அடுப்புக்கு இடம், தண்ணீர்க் குழாய், பாத்திரம் கழுவத் தாழ்வான சிமெண்டுத் தொட்டி, வாழையிலை கழுவி நறுக்க ஒரு திண்ணை. தென்கிழக்குக் காற்று அந்தப் புகையை வீட்டுக்குள் விடாமல் வடக்கு வேலியோரமாகக் கொண்டுபோய்விடும். அண்டை வீட்டாருக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டால் புகையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்!

அதன் கூரைக்குத் தகரம் போடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களில் தகரமும் மரமும் பறந்த பிறகுதான் இந்தத் தீவே கான்கிரீட் வீட்டுக்கு மாறியது. வீட்டை மட்டும் உறுதியாகக் கட்டிவிட்டுப் பின்னால் தகரக் கொட்டகை போட்டால், அந்தத் தகரமே உங்கள் ஜன்னலை வந்து உடைக்கும்.

படிக்கட்டு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வெளிப்படி வசதிதான், ஆனால் புயல் எச்சரிக்கை, வெளியே தலைகாட்ட முடியாத நான்காம் நிலைக்குப் போய்விட்டால் மேல்வீட்டார் கீழே இறங்கவும் முடியாது, கீழே இருப்பவர்கள் மேலே போகவும் முடியாது. கைக்குழந்தையோடு மருமகள் மேலேயும் மருந்து வாங்கி வைத்த பெரியவர்கள் கீழேயுமாக ஓர் இரவு கழிந்தால் அந்த வேதனை புரியும். நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய கூண்டாகக் கட்டி, சாலைப் பக்கம் ஒரு கதவும் நடையின் பக்கம் ஒரு கதவும் வைத்துவிடுங்கள். குடும்பம் தனித்தனியாக இருக்கும் நாட்களில் உள்கதவைப் பூட்டிக்கொள்ளலாம்.

கியூர்பிப் வாசகர்:

மேட்டுநிலத்தில் வசிப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு சொல். கடல் மட்டத்துக்கு 550 மீட்டர் உயரத்தில், ஓயாத தூறலும் ஈரமுமாக வாழும் எங்களுக்குத் தெற்கு அறைகளில் பூஞ்சைதான் பரிசு. இங்கே படுக்கையறைகள் வடக்கே வரட்டும், நீண்ட சன்ஷேடும் வேண்டாம். திரியோலேக்கும் எங்களுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வெந்நீருக்கான சூரியசக்தித் தகடு வடக்கைப் பார்க்க வேண்டும். தமிழகத்து நிறுவனங்களின் படங்களைப் பார்த்துத் தெற்கே திருப்பிவிடாதீர்கள்.

திரியோலே ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் தென்கிழக்கு அறையைச் சொன்னேன், "அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் என்னையா வைக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. கூண்டுப் படிக்கட்டு கணவருக்கும் பிடித்திருக்கிறது. தளத்தைப் பற்றி இன்னும் ஒரு ஐயம். பின்னால் மாடி கட்டுவதற்காகக் கம்பிகளை மேலே நீட்டிவிடுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. எங்கள் தெருவில் அப்படி விட்ட வீடுகளில் தூணோரமாக நீர் கசிவதைக் காண்கிறேன். அதைத் தவிர்க்க வழி உண்டா? தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது?

வரைவாளர், ரோஸ் ஹில்:

கேட்டீர்களே, அதுதான் நம் ஊர் மொட்டைமாடிகளின் தீராத வியாதி. கம்பி தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் தார் விரிப்பை எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கம்பியைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி நிற்கும். துரு ஏறும்போது கம்பி பருத்துக் கான்கிரீட்டையும் பிளக்கும், மழைநீர் கம்பி வழியாகவே தூணுக்குள் இறங்கும். ஆகவே ஒவ்வொரு தூணுக்கும் நேர்மேலே, தளம் வார்க்கும்போதே 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டைத்தூணையும் வார்த்துவிடுங்கள். விரிப்பைத் தரையிலிருந்து அந்தக் கட்டையின் பக்கங்களில் 15 சென்டிமீட்டராவது ஏற்றி ஒட்டலாம். கைப்பிடிச் சுவரின் ஓரத்திலும் அதே அளவு ஏற வேண்டும். கட்டைக்குமேல் நீளும் கம்பிகளைச் சிமெண்டு குறைந்த கலவையால் பெட்டிபோல் மூடிவையுங்கள். மகன் மாடி கட்டும் நாளில் சுத்தியலால் தட்டினால் அது உதிர்ந்துவிடும், கம்பி புதிதாக இருக்கும்.

தட்டைத் தளம் என்று பெயர்தானே தவிர, அது தட்டையாக இருக்கக் கூடாது. 80க்கு 1 என்ற சரிவு வேண்டும். உங்கள் 11 மீட்டர் அகலத்தில் நடுமுகட்டிலிருந்து இரு பக்கமும் சரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 7 சென்டிமீட்டர் இறக்கம் போதும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு தூம்புகள் வைத்து, அவற்றுக்குச் சற்று மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு வழிந்தோடும் துளையும் விடுங்கள். புயல் மழையில் இலை அடைத்துக்கொண்டால் தளமே குளமாகிவிடும், 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ.

தொட்டியும் அதே கணக்குதான். 1000 லிட்டர் என்றால் 1 டன். தளத்தின் நடுவில் வைக்காமல், உத்திரங்கள் சந்திக்கும் இடத்தில், படிக்கட்டுக் கூண்டின் கூரைமேல் வைப்பது நல்லது. உயரம் கூடுவதால் குழாயில் அழுத்தமும் கிடைக்கும், பின்னால் மாடி கட்டும்போது இடம் மாற்றவும் வேண்டாம். ஆனால் கூண்டின் சுவர்களையும் அஸ்திவாரத்தையும் அந்தப் பாரத்துக்கென்று பொறியாளர் இப்போதே கணக்கிட வேண்டும். மேல்தளத்தையும் சேர்த்துத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

மாமியாரின் குளியலறைக் கதவை 90 சென்டிமீட்டர் அகலமாக, வெளிப்பக்கம் திறக்கும்படியோ பக்கவாட்டில் நகரும்படியோ போடச் சொல்லுங்கள். வாசற்படித் தடுப்பு அங்கே வேண்டாம்; தரையை மூலைக்குச் சரித்துவிட்டால் நீர் அறைக்குள் வராது. கைப்பிடி எப்போது தேவைப்பட்டாலும் திருகிக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தில் ஹாலோ பிளாக்கின் குழிகளைக் கட்டும்போதே கான்கிரீட்டால் நிரப்பிவிட வேண்டும். பாம்ப்லமூஸ் மாவட்ட மன்றத்தில் அனுமதிக்கு மனு கொடுக்கும் முன்பு தூண்களின் இடங்களைக் குறித்த புதிய வரைபடத்தை இங்கே பகிருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.