ஓவர்கிளாக்கிங்: ‘துடிப்பேற்றம்’ சரியாக வருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு நண்பர் ஓவர்கிளாக்கிங்குக்கு, அதாவது கணினிச் செயலியைத் தயாரிப்பாளர் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு, ‘மிகைக்கடிகாரமாக்கல்’ என்று எழுதியிருந்தார். இரண்டு பேர் சரி என்றார்கள், பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அதை அப்படியே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது என்பதால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் லீவில் ஊருக்கு வரும் பையன்கள் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, என் மேசையிலேயே மாட்டி எடுத்துப் போவார்கள். இந்த வேலைக்கு அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று ஒரு மாதமாகக் காது கொடுத்துக் கேட்டேன். ‘ஓவர்கிளாக்’ என்று முழுதாகச் சொல்பவர்கள் குறைவு. ஆங்கில எழுத்துகளால் சுருக்கி ‘ஓசி பண்ணினேன்’ என்பார்கள். இல்லாவிட்டால் ‘அண்ணா, 4.2-க்கு ஏத்திட்டேன்’, ‘ரொம்ப ஏத்தாதடா, ஹேங் ஆகும்’. ‘ஓசி’ நமக்கு ஆகாது. காசு கொடுக்காமல் கிடைப்பதற்குத் தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. இந்த வேலையிலோ ஒவ்வொரு படிக்கும் மின்சாரமும் சூடுமாக விலை கொடுக்கிறோம். ‘ஏத்து’ என்பதுதான் மனதில் நின்றது.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். செயலிக்குள் இருக்கும் கிளாக் என்பது மணி காட்டும் கடிகாரம் அல்ல. விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே வேலை ஒரு படி நகரும். என் வீட்டுக் கணினியில் இருப்பது ரைசன் 5 3600 என்ற செயலி. அதன் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 36; ஆக 3.6 கிகாஹெர்ட்ஸ். நம் கணக்கில் சொன்னால் நொடிக்கு 360 கோடித் துடிப்பு. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் போய்ப் பெருக்கியை 42 ஆக்கினால் 420 கோடி. அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒளியே ஏழு சென்டிமீட்டர்தான் போக முடியும். அதற்குள் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறி முடித்து அடங்கியிருக்க வேண்டும். ஒன்று பிந்தினாலும் கணக்கு தப்பும்.

பிந்தாமல் இருக்க மின்னழுத்தத்தைக் கூட்டுகிறோம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. செயலி தின்னும் மின்சாரம் துடிப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் இருபடி விகிதத்தில் ஏறும். 1.2 வோல்ட்டில் 3.6 ஓடியதை 1.35 வோல்ட்டில் 4.2-க்குக் கொண்டுபோனால் வேகம் கூடுவது ஆறில் ஒரு பங்கு, மின்சாரம் கூடுவது கிட்டத்தட்டப் பாதி. அந்தப் பாதியும் சூடாகத்தான் வெளியே வரும்.

‘மிகைக்கடிகாரமாக்கல்’ இதில் எதைச் சொல்கிறது? ‘மிகை’ இருக்கிறது, ‘கடிகாரம்’ இருக்கிறது. ஆனால் கேட்பவர் மனதில் சுவர்க் கடிகாரம்தான் வரும். பதினோரு எழுத்துச் சொல்லை வினையாக்கிப் பாருங்கள்: ‘நேற்று ராத்திரி மிகைக்கடிகாரமாக்கினேன்.’ ஒரு பையனும் சொல்ல மாட்டான்.

நான் முன்வைப்பது ‘துடிப்பேற்றம்’. வினை, துடிப்பேற்று. உருவேற்றுதல், முறுக்கேற்றுதல், மெருகேற்றுதல், சூடேற்றுதல் என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு ஆள் கைவைத்து, படிப்படியாக, ஒன்றை அதன் இயல்பு நிலைக்கு மேலே கொண்டுபோகிறான். ஓவர்கிளாக்கிங்கும் அதே வேலைதான். ஒரே தாவலில் யாரும் செய்வதில்லை. பெருக்கியில் ஒரு படி ஏற்று, சோதி, இன்னொரு படி ஏற்று. வேகத்தைக் குறைப்பதற்கும் சொல் தானாக வந்துவிடுகிறது: துடிப்பிறக்கம். கிளாக் ஸ்பீடுக்கு ‘துடிப்பெண்’ என்று வைத்துக்கொள்ளலாம், ‘அதிர்வெண்’ போல.

மலையில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஏற்றம், இறக்கம் என்பவை எங்களுக்குத் தினமும் புழங்கும் சொற்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வண்டி எஞ்சின் சூட்டோடுதான் வந்து சேரும். ஏற்றம் என்றாலே கூடவே சூடு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து

_____

தம்பிக்கு வணக்கம்.

உங்கள் மடலைப் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். துடிப்பேற்றம் அவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. ‘துடிப்பெண்’ணைப் பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை ‘துடி, பெண்’ என்று பிரித்து வாசித்தாள். ‘அதிர்வெண்’ணில் இந்தச் சிக்கல் இல்லை, இதில் இருக்கிறது. வேறு பாருங்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது, ‘ஓவர்’ என்பதில் வரம்பு தாண்டுதல் இருக்கிறது. ‘ஏற்றம்’ என்றால் வெறும் கூடுதல்தானே? செயலி தானாகவே கொஞ்ச நேரத்துக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்கிறதே, அதுவும் ஏற்றம்தானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? இரண்டாவது, சூடும் நிலைத்தன்மையும் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. அவற்றுக்கான சொற்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வகுப்பில் நான் என்ன செய்வேன்?

அப்புறம், நம் மாதிரிக் குளிர் ஊரில் இதற்கெல்லாம் பயமே இல்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையா?

கொடைக்கானலிலிருந்து

_____

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அதிர்வெண்ணை மீடிறன் என்றுதான் படித்தோம். ஆகவே ‘அதிர்வெண்’ணை ஒட்டி ஒரு சொல் செய்தால் இங்கே ஒட்டாது. ‘துடிப்பு’ இரண்டு கரைக்கும் பொது; நாடித்துடிப்பு என்றால் எல்லோருக்கும் விளங்கும். துடிப்பேற்றத்துக்கு என் சம்மதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

_____

அக்காவுக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கும் நன்றி.

துடிப்பெண்ணை விட்டுவிடுகிறேன். பலகையில் எழுதும்போது தடுக்கினால் பிறகு எங்கேயும் தடுக்கும். ‘துடிப்பு வேகம்’ போதும், இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

குளிர் ஊர்க் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதில் நானே அடிபட்டிருக்கிறேன். பிள்ளைகள் நம்புவதில் பாதி உண்மை. செயலியின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. சென்னையில் 33 டிகிரி அறையில் தொடங்குவதை நாம் 15-இல் தொடங்குகிறோம். அந்தப் பதினெட்டு டிகிரி நமக்கு லாபம்தான். ஆனால் மலைக்காற்று மெலிசு. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், ஊட்டி 2,240. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் இதே காற்றழுத்தக் குறைவால்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றி அதே கன அளவுக் காற்றைத் தள்ளும். ஆனால் அந்தக் காற்றின் எடை குறைவு. சூட்டைச் சுமந்துபோவது எடைதான். ஆகக் குளிரால் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியை மெலிந்த காற்று திரும்ப வாங்கிக்கொள்கிறது. கொடைக்கானலும் ஊட்டியைவிட அதிகம் தாழ்வில்லை, அங்கேயும் இதே கதைதான்.

என் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். செயலியோடு வந்த சின்னக் கூலரை வைத்தே 1.35 வோல்ட்டில் 4.2-க்கு ஏற்றினேன். ஜனவரி மாதம், ஜன்னலுக்கு வெளியே உறைபனி. செயலியை முழு மூச்சில் வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 நிரலை ஓடவிட்டேன். பத்தே நிமிடத்தில் 91 டிகிரி. அந்தச் செயலிக்கு உச்சம் 95. நிறுத்திவிட்டு, நாலு செப்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள உயரமான கூலர் ஒன்றை வாங்கி மாட்டினேன். பழையதைக் கழற்றியபோது, செயலிக்கும் கூலருக்கும் நடுவே பூசும் வெப்பப் பசை ஒரு ஓரத்தில் காய்ந்து, திருநீறு மாதிரி உதிர்ந்தது. நடுவில் மட்டும் ஈரம். முதல் தடவை நான் சமமாக அழுத்தவில்லை என்பது அந்தக் கறையைப் பார்த்ததும் தெரிந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உலோகம் முகம் காட்டும் வரை தேய்த்து, நடுவில் பட்டாணி அளவு பசை வைத்தேன். நாலு திருகையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்றாக இறுக்கினேன். அன்றைக்கு 74-ஐத் தாண்டவில்லை. ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் ஒரு பிழையும் இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஏப்ரலில் ஒரு மத்தியானம் தகரக் கூரை காய்ந்து அறை 29 டிகிரி ஆனது. வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாண வீடியோவை மாற்றிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்தது. இரண்டு தடவை அப்படி ஆனது. மூன்றாம் தடவை நிற்காமல் ஓடி முடித்துவிட்டது. ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் தாலி கட்டும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. நின்றுபோனாலாவது தெரியும். நிற்காமல் தப்புக் கணக்குப் போடுவதுதான் பெரிய ஆபத்து. நல்ல வேளை, மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். பெருக்கியை 41-க்கு இறக்கினேன், மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குக் குறைத்தேன். அதிலிருந்து இன்றுவரை தொல்லை இல்லை. வேகத்தில் போனது நூற்றில் இரண்டரைகூட இல்லை.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். மூடுபனி நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து, அணைத்துக் கிடக்கும் கணினிக்குக் குளிர்ந்த காற்று விடாதீர்கள். காலையில் பெட்டியின் தகட்டில் விரலால் கோடு போடும் அளவுக்கு ஈரம் பூத்திருக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பழுதுக்கு வந்த மதர்போர்டுகளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். இந்த ஏப்ரல் அனுபவத்திலிருந்துதான் அக்கா கேட்ட மற்ற சொற்கள் எனக்குக் கிடைத்தன. பிரைம்95 மாதிரிச் சோதனையை ‘அழுத்தச் சோதனை’ என்று சிலர் எழுதுகிறார்கள். மின்னழுத்தம், காற்றழுத்தம், மன அழுத்தம் என்று அழுத்தம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. ‘தாக்குப்பிடிக்குமா?’ என்றுதான் பையன்கள் கேட்கிறார்கள். ஆகவே ‘தாக்குப்பிடிப்புச் சோதனை’. நீளம்தான், ஆனால் விளக்கமே வேண்டாம். நிலைத்தன்மை அப்படியே இருக்கலாம், அதைத் தொட வேண்டியதில்லை. சூடு மிஞ்சும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதே, அதற்கு ‘வேகத்தணிவு’ என்கிறேன். கோபம் தணியும், சூடு தணியும், வேகமும் தணியும். மூன்றும் ஒரே வினை என்பது இங்கே பொருத்தமாக விழுகிறது. கூலரில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கு ‘வெப்ப வடிகால்’. ‘வெப்ப உறிஞ்சி’ என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது சூட்டை உறிஞ்சித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை, காற்றுக்கு வடித்துவிடுகிறது. வெப்பப் பசை கடையிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது.

வரம்பு தாண்டுதல் பற்றிய சந்தேகம் நியாயமானது, அதில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். செயலி தானாகக் கூட்டிக்கொள்வது தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்குள் நடப்பது. என் 3600-ம் ஒரு கருவில் (செயலிக்குள் இருக்கும் கோர்களில் ஒன்றில்) 4.2 வரை தானாகவே போகும். அதற்கு ‘தானேற்றம்’ என்று வைத்துக்கொள்வோம். ஆள் கைவைத்து எல்லா கருக்களையும் அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பது துடிப்பேற்றம். ஒன்று தானாக ஏறுவது, மற்றது நாம் ஏற்றுவது. தன்வினை, பிறவினை என்று நீங்கள் வகுப்பில் நடத்துகிற இலக்கணமே இந்தப் பிரிவைச் செய்துவிடுகிறது, அக்கா. 1998-இல் செலரான் 300ஏ என்ற செயலி வந்தபோது அதன் பஸ் வேகத்தை, அதாவது அடிப்படைத் துடிப்பை, 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, 300-ஐ 450-இல் ஓட்டினார்களே, அப்போது தானேற்றம் என்ற ஒன்றே அதில் கிடையாது. அது முழுக்க முழுக்கக் கை வேலை. ‘ஏற்று’ என்ற பிறவினை அதற்கும் பொருந்துகிறது, இன்றைக்கும் பொருந்துகிறது.

வரம்பு என்பதை விளக்கத்தில் எழுதிவிடலாம். பட்டியலுக்கு இப்படி அனுப்பட்டுமா: ‘துடிப்பேற்றம்: செயலி, நினைவகம் போன்றவற்றின் துடிப்பு வேகத்தைத் தயாரிப்பாளர் அறிவித்த அளவுக்கு மேல் பயனர் தாமே உயர்த்துதல். வினை: துடிப்பேற்று. எதிர்ச்சொல்: துடிப்பிறக்கம்.’

‘தானேற்றம்’ மட்டும் இன்னும் எனக்கு முழுதாக மனதில் உட்காரவில்லை. ‘தன்னேற்றம்’ என்றால் பெருமை பேசுவது போல் ஆகிவிடும் என்பதால்தான் ‘தான்’ என்று வைத்தேன். கடைசி வரிசைப் பிள்ளையிடம் இதையும் பலகையில் எழுதிக் காட்டி, எப்படிப் பிரித்து வாசிக்கிறாள் என்று பார்த்து எழுதுங்கள் அக்கா. அதுவரை பட்டியலில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து