காட்டுக் குதிரை பிடிப்பு, தத்தெடுப்பு: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நான் இருப்பது நெவாடாவில், ரெனோ பக்கம். அரசு நிலத்தில் திரியும் மஸ்டாங் குதிரைகளை ஹெலிகாப்டர் விட்டுப் பிடிப்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஆனால் ரொம்பத் தள்ளித்தான் நிற்க வைப்பார்கள், பைனாகுலர் இல்லாவிட்டால் புழுதியைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஹெலிகாப்டர் தூரத்திலேயே பின்தொடர்ந்து வந்து, சணல் துணி கட்டிய வேலி இரண்டு பக்கமும் குறுகும் இடத்தில்தான் நெருக்குகிறது. அந்த வாய்ப்பகுதியில் பழக்கிய குதிரை ஒன்றைப் பிடித்தபடி ஒருவர் பதுங்கி நிற்பார். கூட்டம் கிட்டே வந்ததும் விட்டுவிடுவார். அது நேரே பட்டிக்குள் ஓடும், மற்றதெல்லாம் அதை நம்பிப் பின்னாலேயே போகும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆனால் பிடிக்காமலும் முடியாது. 1971 சட்டப்படி இவற்றைக் கொல்லவோ துன்புறுத்தவோ கூடாது, அடித்துத் தின்னும் மிருகமும் அதிகம் இல்லை, நாலைந்து வருடத்தில் கூட்டம் இரட்டிப்பாகிவிடும். நாடு முழுக்க அப்படிப்பட்ட நிலம் தாங்கும் என்று அரசு வைத்திருக்கும் அளவு, காட்டுக் கழுதைகளையும் சேர்த்து, சுமார் 25,500. 2024 கணக்கில் இருந்ததோ 73,000-க்கு மேல். என்னைக் கேட்டால் பிடிப்பது சுலபம், பிடித்ததை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பட்டிகளிலும் குத்தகைப் புல்வெளிகளிலும் அறுபதாயிரத்துக்கும் மேல் தீனி தின்றுகொண்டு நிற்கின்றன, இவற்றைக் கவனிக்கும் அரசு நில மேலாண்மைத் துறை இதற்கென வைத்திருக்கும் பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. ஆள் சேர்க்க 2019-ல் தத்தெடுப்பவருக்கு ஆயிரம் டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் கைக்கு வந்ததும் சிலர் குதிரையை அடிமாட்டு ஏலத்துக்கு ஓட்டியது வெளியே வந்து நாறிப்போய், 2025-ல் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று எடுத்தார். கட்டணம் 125 டாலர்தான், ஆனால் ஆறடி உயர வேலி, தனி டிரெய்லர், வைக்கோல், லாடக்காரர் என்று செலவு எங்கேயோ போய்விட்டது. கழுத்தின் இடப்பக்கம் உறைகுளிரில் வைத்த முத்திரை, அந்த இடத்தில் மட்டும் முடி வெள்ளையாக. ரொம்ப நாள் அவர் வேலிக்குள் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார், குதிரை எதிர் மூலையில் நிற்கும். ஒரு வருடம் ஒழுங்காக வைத்திருந்தால்தான் உரிமைப் பத்திரம்.

— — —

நாங்கள் வர்ஜீனியா. இங்கே சின்கோடீக் ஊரில் ஹெலிகாப்டர் எல்லாம் கிடையாது, ஜூலை கடைசி புதன்கிழமை அசடீக் தீவிலிருந்து குட்டைக் குதிரைகளைக் கால்வாயில் நீந்த வைத்தே ஓட்டி வருவார்கள், மறுநாள் குட்டிகள் ஏலம். குதிரைகளின் சொந்தக்காரர் ஊர்த் தீயணைப்புப் படை. தீவின் வர்ஜீனியாப் பகுதியில் 150 பெரிய குதிரைக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு, அதனால்தான் வருடா வருடம் குட்டிகளை விற்பது. எனக்குப் பிடித்தது இதுதான்: சில குட்டிகளை ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டி, பேரும் வைத்துவிட்டு, திரும்பத் தீவுக்கே அனுப்பிவிடுவார், நம் ஊரில் கோவிலுக்கு மாடு நேர்ந்து விடுவது போல. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மட்டும் தாங்காது, சேற்றில் நிற்கத் தயாராகப் போங்கள்.

— — —

முதல் பதிவு எழுதிய நண்பருக்கு: பழக்காத குதிரைக்குப் பயந்தால் கார்சன் சிட்டி பக்கம் விசாரியுங்கள். அங்கே சிறைக்கைதிகள் மாதக்கணக்கில் சேணம் வரை பழக்கி ஏலம் விட்டுவந்தார்கள், நான் ஒருமுறை போயிருக்கிறேன், இப்போதும் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை அந்த 125-ல் நிற்காது, பல மடங்கு ஏறும். ஆனால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம். ஹெலிகாப்டருக்குப் பதில் கருத்தடை ஊசியைத் துப்பாக்கியால் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடுகிறார்கள், ஆனால் கிட்டே போய்ச் சுட வேண்டும், மறுபடி மறுபடி போட வேண்டும். பரந்த நெவாடாவில் எந்தக் குதிரைக்குப் போட்டோம் என்று தேடுவதற்குள் அடுத்த குட்டி வந்துவிடும்.